பம்புசெட்டுக்குப் பின்னால் நாலு செடி

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து. கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே பதினைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம்.

விபத்தா? இல்லை... கத்திரிக்காய்.

காய்கறி விற்கும் கலைச்செல்வி காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் காய்கறிக் கறை படிந்த ஓர் அட்டையை வைத்து, கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே எங்கள் சங்கத்தின் செயலாளர் மேடம். பேங்கில் ஆடிட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குவியலிலிருந்து ஐந்து காய்களை அவரே பொறுக்கினார் - மேலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து இரண்டு, அடியில் கைவிட்டுத் துழாவி இரண்டு.

"அறுங்க," என்றார்.

அந்த ஐந்து காய்களில் கலைச்செல்வியின் பிழைப்பு இருந்தது. புழு பற்றிய புகார் ஏற்கெனவே இரண்டு முறை வந்தாகிவிட்டது. மூன்றாவது வந்தால் கேட்டோரத்து இடம் கிடையாது என்று சங்கத்தில் தீர்மானம். இடம் போனால் குத்தகை நிலத்தை விட்டுவிட்டு, பழையபடி ஒரகடம் போகும் கம்பெனி வேனில் அவர் ஏற வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். செயலாளருக்கும் தெரியும். கத்திரிக்காய்க்குத்தான் தெரியாது.

முதல் காயை அறுப்பதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் இந்த வழக்கில் முதல் குற்றவாளி புழு அல்ல. நான்.

கலைச்செல்வியின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போனார். எட்டு வருடம் ஷிஃப்ட் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், "போதும், இனிமே நான் போட்ட வெதைய நானே அறுக்கணும்" என்று சொல்லிவிட்டு, மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் உள்ளே தள்ளி ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். கணவர் பெயர் டில்லி, கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஞாயிறு காலை மட்டும் அந்த ஆட்டோவில் ஆட்களுக்குப் பதில் வெண்டை, கீரை, கத்திரி பயணம் செய்யும்.

எங்கள் குடியிருப்பில் வெண்டைக்கு மரியாதை உண்டு. கீரைக்கு மதிப்பு உண்டு. ஆனால் கலைச்செல்வியின் வரிக்கத்திரிக்கு வரிசையே உண்டு. "அடுத்த வாரமும் கத்திரி இருக்கும்ல?" - இதுதான் அவர் காதில் அதிகம் விழும் கேள்வி.

முதல் வருடமே காய்ப்புழு வந்தது. மருந்து அடித்தார். மருந்து அடிக்கக் கூடாது என்றார்கள் எங்கள் ஆட்கள். அடிக்காவிட்டால் புழு இருக்கிறதே என்றும் அவர்களே சொன்னார்கள். அப்போது வேளாண்மை தெரிந்த ஒருவர் அவருக்கு ஒரு நல்ல யோசனை சொன்னார்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே பயிரை வைக்காதே, மாற்றி மாற்றிப் போடு. பயிர் சுழற்சி.

கலைச்செல்வி என்னிடம் வந்தார். நான் எதையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பவன் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீர் லாரி எப்போது வந்தது, முதல் மழை எந்தக் கிழமை பெய்தது, லிஃப்ட் எத்தனை மணிக்கு நின்றது... எல்லாம் இருக்கும்.

"சார், எந்த மாசம் எந்தத் துண்டுல இன்னா போடணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நீங்க எய்தினா கரெக்டா இருக்கும்."

இப்படி ஒருவர் கேட்டால் என்னைப் போன்ற ஆள் என்ன ஆவான்? மூன்று நாள் உட்கார்ந்தேன். அவர் நிலத்தில் மூன்று துண்டு. ஆடியில் முதல் துண்டில் கத்திரி, மற்ற இரண்டில் வேர்க்கடலையும் வெண்டையும். ஐப்பசியில் இரண்டாம் துண்டில் கத்திரி. தையில் மூன்றாம் துண்டில். ஒரு துண்டில் காய் ஓயும்போது அடுத்ததில் காய்க்கத் தொடங்கும். நிலத்துக்கும் ஓய்வு, எங்கள் கேட்டில் பன்னிரண்டு மாதமும் கத்திரிக்காய். கத்திரிக்கு ஊதா, கடலைக்குப் பழுப்பு, வெண்டைக்குப் பச்சை என்று கலர் பென்சில் வேறு. லேமினேஷன் செய்து கொடுத்தேன். பம்புசெட் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

முதல் துண்டில் புழு கொஞ்சம்தான் இருந்தது. எனக்குப் பெருமை. இரண்டாம் துண்டில் அதைவிட அதிகம். எனக்குச் சந்தேகம். மூன்றாம் துண்டில்...

பங்குனியில் ஒரு ஞாயிறு, மதியம் பன்னிரண்டே கால். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. இரண்டாகப் பிளந்த கத்திரிக்காய், நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: "இன்னிக்கு எங்க வீட்ல நான்-வெஜ்." சிரிப்பு பொம்மைகள் இருபத்தேழு. அது இரண்டாவது புகார். மாலையே தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் கலைச்செல்வி போன் செய்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சீட்டுல போட்டாப்பலதான் சார் போட்டேன். ஒரு நாள் முன்ன பின்ன இல்ல. புழுவும் அந்தச் சீட்டப் பாத்துதான் வந்துகினு கீது போல."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் நோட்டைப் புரட்டினேன். வயலுக்குப் போன நாள், அவர் போனில் சொன்ன செய்தி எல்லாம் அதில் இருந்தது. முதல் துண்டில் பழைய செடிகளைப் பிடுங்கிய மூன்றாவது வாரம் இரண்டாம் துண்டில் இளம் தளிர்கள் தலை தொங்கியிருக்கின்றன. தளிர் தலை தொங்கினால் உள்ளே புழு குடைகிறது என்று அர்த்தம். இரண்டாம் துண்டைப் பிடுங்கிய மூன்றாவது வாரம் மூன்றாம் துண்டில் அதே கதை. புழு நிஜமாகவே சீட்டைத்தான் பார்த்திருக்கிறது.

படிப்பு ஒரு வியாதி. அந்த வாரம் முழுக்கப் பூச்சிகளைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் மக்காச்சோளத்தையும் சோயாவையும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மாற்றிப் போடுகிறார்கள். சோள வேரைத் தின்னும் ஒரு வண்டுக்கு வைத்த பொறி அது. சோள வயலில் முட்டையிட்டால் அடுத்த வருடம் குஞ்சு பொரிக்கும்போது மேலே நிற்பது சோயா. பட்டினி. பல காலம் இது வேலை செய்தது. பிறகு அந்த வண்டுகளில் ஒரு கூட்டம் சோயா வயலுக்கே போய் முட்டையிடத் தொடங்கியது. பொரிக்கும்போது மேலே சோளம். அதன் உறவுக்கார வண்டு ஒன்று இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது - முட்டைக்குள்ளேயே கூடுதலாக ஒரு வருடம் தூங்கிவிட்டு, சோளம் வரும் வருடம் பார்த்து எழுந்தது. வண்டு உட்கார்ந்து யோசிக்கவில்லை, வாஸ்தவம்தான். அப்படிச் செய்த ஒன்றிரண்டு பிழைத்தன. அவற்றின் வாரிசுகள் பெருகின. ஆனாலும் பாருங்கள், தலைமுறை தலைமுறையாகச் செத்துச் செத்து அல்லவா அது அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டது.

எங்கள் புழுவுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. நான்தான் லேமினேஷன் செய்து கொடுத்துவிட்டேனே.

அடுத்த செவ்வாய்க்கிழமை வயலுக்குப் போனேன். கலைச்செல்வி முகம் கொடுத்துப் பேசினார். அவருடைய பக்கத்து நிலக்காரர் ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே வந்தார். நாலு தலைமுறையாக அங்கே பயிர் வைக்கும் குடும்பம். பிள்ளைகள் லாரி வைத்திருக்கிறார்கள். இவர் மட்டும் நெல்லையும் கத்திரியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் நோட்டை விரித்து விளக்கினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், இது பஸ் டைம்டேபிளு. ஒரு ஸ்டாப்புல எறங்கிக்கினு அடுத்த பஸ்ஸுல ஏறிக்குது. நீங்க ஒரு பஸ்ஸுகூட லேட் பண்ணாம உட்டுகீறீங்க. அப்பால அது ஏன் நடந்து போவப் போவுது?"

"அப்போ என்ன செய்யறது?"

"பஸ்ஸ நிறுத்து."

சரியான பதில். துண்டு மாறினால் போதாது. அந்த வட்டாரத்திலேயே கத்திரி இல்லாமல் இருக்க வேண்டும். கலைச்செல்வி ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"நான் நிறுத்தறேன் அண்ணாத்த. நீ நிறுத்துவியா? உன்னுதும் கத்திரிதான் நிக்குது."

"நான் ஏம்மே நிறுத்தணும்? என் கத்திரிய எவன் போட்டோ புடிக்கிறான்?"

"இங்க புழு ஒய்ஞ்சா உனுக்கும் மருந்துச் செலவு மிச்சம். ஒய்யலன்னா அடுத்த புகாரோட நான் காலி பண்ணிக்கினு கம்பெனி வேனுக்கே போய்டறேன். அப்பால இந்த நெலத்துல எவனாச்சும் கல்லு நட்டு பிளாட்டு போடுவான். நீ அவனாண்ட வாய்க்கா சண்ட போட்டுக்கினு இரு."

ஏகாம்பரம் வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். "பேஜாரு புடிச்ச பொம்பள," என்றார். அது சம்மதம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சித்திரை, வைகாசி, ஆனி - மூன்று மாதம் கத்திரிக்கு லீவு. இருவரும் பழைய செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். எங்கள் கேட்டில் முணுமுணுப்பு. வரிசை குறைந்தது. சிலர் கடைக்குப் போய் வாங்கினார்கள். கலைச்செல்வி கடலையும் வெண்டையும் எள்ளும் கீரையும் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஆடி பிறந்ததும் புது நாற்று நட்டார்கள். புரட்டாசியில் காய் வரும். புரட்டாசி என்றால் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் அசைவம் தொடமாட்டார்கள். கத்திரிக்காய்க்கு அதைவிட நல்ல மாதம் ஏது?

ஆவணி பிறந்த முதல் வாரம் போன் வந்தது.

"சார்... தல தொங்குது."

எங்கிருந்து வந்தது? சுற்றுவட்டாரத்தில் மூன்று மாதமாகக் கத்திரியே இல்லை. இதுவும் அமெரிக்க வண்டு போல முட்டைக்குள் தூங்கக் கற்றுக்கொண்டதா? கிடையாது, இதன் முட்டை ஒரு வாரம்கூடத் தாங்காது. நான் மறுபடி நோட்டை எடுத்தேன். சித்திரையிலிருந்து ஒவ்வொரு பக்கமாக - மழை, காற்று, வயலுக்குப் போன நாட்கள். ஏதாவது துப்புக் கிடைக்காதா?

கிடைத்தது. சித்திரை மாதம், ஒரு புதன்கிழமை. என் கையெழுத்துதான்: 'வயலுக்குப் போனேன். எள் நன்றாக இருக்கிறது. மதியம் எண்ணெய்க் கத்திரிக்காய். பிரமாதம்.'

வைகாசியில் ஒரு வியாழன்: 'கலைச்செல்வி பை நிறையக் கொடுத்தனுப்பினார். கத்திரிக்காய்க் கொத்சு.'

ஆனியில்: 'மறுபடியும் எண்ணெய்க் கத்திரிக்காய். போன தடவை போல இல்லை. மனைவி பாதிக்கு மேல் நறுக்கி எறிந்துவிட்டார்.'

கத்திரிக்கு லீவு விட்ட மூன்று மாதத்தில் நான் மூன்று முறை கத்திரிக்காய் சாப்பிட்டிருக்கிறேன். மூன்று முறையும் கலைச்செல்வி கொடுத்தனுப்பியதை. சாப்பிட்டதோடு நிற்காமல் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு நாளாவது 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டேனா?

அன்றைக்கே ஓடினேன். பம்புசெட்டுக்குப் பின்னால், தண்ணீர் கசியும் இடத்தில், நாலு கத்திரிச் செடிகள் இடுப்பளவு நின்றன. பூவும் பிஞ்சும் காயுமாக.

"இது வூட்டுக்கு வெச்சது சார்," என்றார் கலைச்செல்வி. "வித்து துட்டு பாக்கறது இல்ல. இது எப்படி கணக்குல வரும்?"

"புழுவுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

அவர் செடியைப் பார்த்தார். நாலு செடியிலும் தளிர்கள் தலை தொங்கிக் கிடந்தன. மூன்று மாதம் புழு இங்கேதான் குடித்தனம் நடத்தியிருக்கிறது. வயலில் நாற்று வந்ததும் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டது.

ஏகாம்பரம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "இதான் பொம்பள வேல. நாலு செடிக்கு ஆசப்பட்டு..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணாத்த, உன் வாய்க்காலாண்ட ரெண்டு நிக்குதே, அது இன்னா?"

ஏகாம்பரம் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "அது... கருவாட்டுக் கொழம்புல போட."

சரி, பிடுங்கிவிடலாம் என்றேன். இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். காய் நிற்கும் செடியைப் பிடுங்கக் கூடாதாம். புழு அரித்து வீணான செடியைப் பிடுங்கலாம், ஓய்ந்த செடியைப் பிடுங்கலாம். காய்த்துக்கொண்டிருப்பதைப் பிடுங்கினால் வீட்டுக்கு ஆகாது. பிளாட்டு வரும் என்று ஏகாம்பரத்தையே மிரட்டிய கலைச்செல்வி, இந்த நாலு செடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

 

பிறகு கலைச்செல்வி குனிந்தார். காயைப் பறித்தார். பிஞ்சைப் பறித்தார். சுண்டைக்காய் அளவு இருந்ததைக்கூட விடவில்லை. பூவையும் கிள்ளினார். நாலு செடியும் மொட்டையாக நின்றன.

"இப்போ காய் நிக்குதா அண்ணாத்த?"

"நிக்கல."

"புடுங்கு."

ஏகாம்பரம் பிடுங்கினார். பிறகு தன் வாய்க்காலுக்குப் போய் அதே மரியாதையோடு அந்த இரண்டையும் முடித்தார். பறித்த காய்களைப் பிளந்து பார்த்தோம். பாதிக்கு மேல் குடித்தனம் இருந்தது. நான் சாப்பிட்டதைப் பற்றி... மனைவி பார்த்து நறுக்குகிறவர். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை, நாஸ்தாவுக்கு முன்னால், இருவரும் தங்கள் தங்கள் வயலில் தொங்கிய தளிர்களைக் கிள்ளி மூடி போட்ட பக்கெட்டில் போட்டு எரித்தார்கள். வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டி வேறு.

"எனக்கு இன்னிக்கி முப்பத்தாறு. உனுக்கு?"

"நாப்பது."

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு அண்ணாத்த. அங்க ரெண்டு தொங்குது பாரு."

முப்பத்தாறு இருபதானது. இருபது ஒன்பதானது. ஆவணி முடிவில் ஒன்று, இரண்டு. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. இந்த முறை சாப்பாட்டுக் குறிப்பு எதுவும் கலக்காமல்.

யோசித்துப் பாருங்கள். பம்புசெட்டுக்குப் பின்னால் நாலு செடி இல்லாத வீடு எது? சர்க்கரையை அடியோடு நிறுத்தியவர், கோயில் பொங்கலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ராத்திரி போனைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவர், அலாரம் வைக்க எடுத்து ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்ட என் நண்பர் அடுத்தவர் பாக்கெட்டிலிருந்து எடுப்பதை சிகரெட் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. நம் தீர்மானங்கள் எல்லாம் உறுதியானவைதான். புழு தீர்மானத்தில் குடியிருப்பதில்லை... விதிவிலக்கில் குடியிருக்கிறது.

சரி, கேட்டுக்குத் திரும்புவோம். ஏழு பன்னிரண்டு.

முதல் காய். சுத்தம். இரண்டாவது, வெள்ளை வெளேர். மூன்றாவதும் அப்படியே. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நானாக இருக்கலாம்.

நான்காவது காயை அறுத்ததும் கலைச்செல்வியின் கை நின்றது. ஓரத்தில், குண்டூசித் தலை அளவில், ஓர் இளஞ்சிவப்புப் புழு நெளிந்தது.

அவர் அதை மூடவில்லை. அட்டையோடு எடுத்து செயலாளர் முன்னால் நீட்டினார்.

"ஒண்ணு கீது மேடம். இல்லவே இல்லன்னு சொன்னா பொய்யி. பங்குனில அஞ்சு அறுத்தா நாலுல இருந்துச்சு. அஞ்சாவதையும் அறுத்துடறேன், பாத்துக்கோங்க."

அறுத்தார். சுத்தம்.

"யார் வூட்டுல புழு வந்தாலும் எட்தாந்து காட்டட்டும், மாத்திக் குடுக்கறேன். அப்பால இன்னொண்ணு. மார்கழி வரைக்கும்தான் கத்திரி. அதுக்கு மேல லீவு. அடுத்த வாரமும் உண்டான்னு கேட்டுக்கினே இருந்தீங்கன்னா அதுவும் வந்துகினே இருக்கும்."

செயலாளர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடம் கணக்குப் புத்தகங்களில் புழு தேடியவர். ஒருவர் தானே எடுத்து நீட்டிய புழுவை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"மாத்திக் கொடுப்பீங்கன்னு எழுதிக் கொடுங்க," என்றார்.

"சார் எய்துவாரு. அவருக்கு அதான வேல."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும். "ஒரு கிலோ போடுங்க. இந்த அஞ்சையும் சேர்த்து" என்றார். பிறகு யோசித்து, "நாலு," என்று திருத்திக்கொண்டார். இடம் பிழைத்தது. வரிசை நகர்ந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, எழுதிக் கொடுக்கலாம் என்று பேனாவை எடுத்துக்கொண்டு அருகில் போனேன். கலைச்செல்வி அறுத்த அட்டையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கத்திரி விதைகளும் பழைய கறையும் வழிந்து ஓட, அடியிலிருந்து மெல்ல ஊதாவும் பழுப்பும் பச்சையும் தெரிந்தன. ஆடி, ஐப்பசி, தை... என் கையெழுத்து.

"லேமினேசன் நல்லா போட்டுகீறீங்க சார்," என்றார். "எத்தினி கத்தி பட்டாலும் கிழியல."